மேப்பிள் மரத்தடி வில்வம்

நியூ ஜெர்சியில் என் மகள் வீட்டுக் கொல்லையில் முதிர்ந்த மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் முளைத்துத் தண்டைப் பற்றி ஏறிய ஒரு கொடியை எங்கள் வீட்டில் சிலர் வில்வம் என்று நம்பினார்கள். நம்பியதோடு நில்லாமல் நாள்தோறும் நீர் வார்த்தார்கள். அடிமண்ணில் மஞ்சளும் குங்குமமும் இட்டார்கள். அந்தக் கொடியை மண்ணிலிருந்து பிடுங்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கற்றறிந்தவர்களின் தலைக்குள்ளிருந்து அதைப் பிடுங்கும் வேலை இன்றளவும் முடியவில்லை.

கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வுபெற்றவன் நான். மனைவி மறைந்தபின் ஆண்டின் பெரும்பகுதி மகளோடு இருக்கிறேன். மருமகன் கணினித் துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவர். அவர் பொறுப்பு இன்னதென்று பலமுறை விளக்கியிருக்கிறார். ஒருமுறையும் எனக்கு விளங்கியதில்லை, அவருக்கும் முழுதாக விளங்கியதாகத் தோன்றவில்லை. ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி. கோடை தொடங்கியதும் கோயமுத்தூரிலிருந்து மருமகனின் தாயார், என் சம்பந்தி அம்மையார், வந்து சேர்வார். சென்ற கோடையில் அவர் வந்த மறுவாரமே கொல்லையிலிருந்து குரல் கேட்டது.

"ஏனுங்க சம்பந்தி, இங்க வந்து பாருங்க. ஒரு காம்புல மூணு எலை. ஈசன் நம்ம வூட்டைத் தேடி வந்துட்டாரு."

போய்ப் பார்த்தேன். மூன்று இலை என்பது உண்மை. பளபளப்பும் உண்மை. ஆனால் அந்தப் பளபளப்பை நான் முன்பே ஓரிடத்தில் கண்டிருந்தேன். நாங்கள் காலையில் நடக்கப்போகும் பூங்காவின் நுழைவாயிலில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். மூவிலைக் கொடி ஒன்றின் படம், அதைத் தொடாதீர் என்ற எச்சரிக்கை, தொட்டுவிட்டால் செய்யவேண்டியது, அகற்றும் முறை எல்லாம் அதில் உண்டு. நம்மவர் நூற்றுக்கணக்கில் அந்தப் பலகையைக் கடந்து நடக்கிறார்கள். ஒருவரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் கண் கைபேசியில் இருக்கும். எத்தனை அடி நடந்தோம் என்று அது சொன்னால்தான் நடந்ததாக அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும்.

பாய்சன் ஐவி என்பது அதன் ஊர்ப்பெயர். இங்குள்ள தமிழ் அமைப்பொன்றின் ஆண்டு மலரில் ஒருவர் அதற்கு நஞ்சுக்கொடி என்று பெயர் சூட்டியிருந்தார். மகப்பேற்றின்போது தாயின் வயிற்றிலிருந்து வெளிப்படுவதற்கு அப்பெயர் காலங்காலமாக வழங்கிவருவது அந்தத் தமிழன்பருக்குத் தெரியவில்லை. நான் நச்சுப்படரி என்றே எழுதுகிறேன். நம் ஊரில் வெளுப்பவர்கள் துணிக்குக் குறியிடுவார்களே, அந்தச் சேங்கொட்டைக்கு இது உறவு. மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்தவர்கள் இதன் குணத்தை ஒருவாறு ஊகிக்கலாம். மாவும் இதே குடும்பம்தான். இலை, தண்டு, வேர் எங்கும் ஓர் எண்ணெய் ஓடுகிறது. அது தோலில் பட்டால் ஓரிரு நாளில் வரிவரியாகக் கொப்புளம் எழும்பும்.

"வில்வம் மரம் சம்பந்தி அம்மா, இது கொடி. வில்வத்துக்கு முள் இருக்கும். இதுல எங்க இருக்கு?" என்றேன்.

"இந்த ஊரு வெண்டைக்காய்க்கே சொணை இல்லீங்க. முள்ளு மட்டும் எங்கிருந்து வரும்?"

"மார்கழியில முழங்கால் உயரம் பனி கொட்டுது. வில்வம் பிழைக்குமா?"

"கைலாசத்துல கொட்டாத பனியாக்கும். அவரே அங்க மேல்துணி இல்லாம உக்காந்திருக்காரு. அவரு எலைக்கு மட்டும் குளிருமா?"

நான் உள்ளே வந்துவிட்டேன்.

இவ்விடத்தில் என் மருமகனின் அறிவாற்றலைக் குறிப்பிடாமல் விடுவது முறையன்று. அதே கொடி வேலியோரத்திலும் படர்ந்திருந்தது. வேலியோரத்தில் இருந்தபோது அது களை. மரத்தடியில் இருந்தபோது தெய்வம். ஒரு விடுமுறை நாளில் அவர் நைலான் நரம்பு சுழலும் புல்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரத்துக் களையைச் சீவித் தள்ளினார். காலில் அரைக்காற்சட்டை, காதில் பாட்டு. நச்சுப்படரியை அகற்றச் செய்யக்கூடாதவற்றுள் தலையாயது அது. சுழலும் நரம்பு இலையை நசுக்கிச் சாற்றை நாற்புறமும் வாரி இறைக்கும். இறைத்தது. இரண்டாம் நாள் அவர் கணுக்கால் இரண்டும் கசிந்துகொண்டிருந்தன.

"போலன் அலர்ஜி மாமா. இந்த சீசன்ல எல்லாருக்கும் வரும்" என்றார்.

"மகரந்தம் கணுக்காலை மட்டும் தேடிப் பிடிக்குமா மாப்பிள்ளை?"

அவர் தம் கைபேசியை அந்தச் செடிமீது காட்டிப் படம் எடுத்தார். எந்த இலையைக் காட்டினாலும் பெயர் சொல்லும் செயலி ஒன்று அதில் இருக்கிறது. "பாய்சன் ஐவின்னுதான் காட்டுது மாமா. ஆனா ஆப் எல்லா டைமும் கரெக்டா இருக்கும்னு சொல்ல முடியாது. அம்மா வேற வில்வம்னு சொல்றாங்க." ஐசலினில் உள்ள இந்தியக் கடைத்தெருவுக்கு ஆண்டுக்கணக்கில் போய்வந்தும் கைபேசி வழிகாட்டாமல் ஒரு திருப்பமும் திரும்ப அறியாத மனிதர். அந்தக் கருவி ஒரே ஒருமுறை பயனுள்ள உண்மை ஒன்றைச் சொன்னபோது அவருக்கு ஐயம் பிறந்துவிட்டது.

அவருடைய நண்பர்கள் ஆளுக்கொரு வழி கூறினர். ஒருவர் மாட்டிறைச்சி சுடும் அடுப்பைப் பெருமையோடு வைத்திருப்பவர். அதை ஊருக்குத் தொலைபேசும்போது மட்டும் மறைப்பவர். "காய வெச்சு ஃபயர் பிட்ல போட்டு எரிச்சிடுங்க அங்கிள், ஈஸி" என்றார். எரித்தால் அந்த எண்ணெய் புகையோடு ஏறி நுரையீரலுக்குள் போகும், மருத்துவமனையில் படுக்க வேண்டிவரும் என்று பலகையில் இருந்தது. இன்னொருவர் ஆடுகளை வாடகைக்குக் கொண்டுவந்து மேய விடலாம் என்றார். இந்நாட்டில் அப்படியொரு தொழிலும் நடக்கிறது. சம்பந்தி அம்மையார் அதற்கு உடனே விடை அளித்தார்: "வில்வத்தைத் தின்ன ஆட்டுக்கு மோட்சம். கூட்டியாந்தவங்களுக்கு நரகம். பாத்துக்குங்க தம்பி." என் மகள்கூட, "வினிகர் ஊத்தினா காஞ்சிடும்னு ஒரு வீடியோல சொல்றாங்கப்பா, கெமிக்கல் இல்லாம" என்று தொடங்கினாள். காடிக்கு இலை கருகும், வேர் சிரித்துக்கொண்டிருக்கும் என்றேன். அவள் மட்டும் ஒப்புக்கொண்டாள்.

இவ்வளவும் எனக்கு ஏளனத்துக்குரியதாக இருந்ததேயன்றிக் கவலைக்குரியதாக இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை உணவுமேசையில் நிலைமை மாறியது. வரும் திங்கட்கிழமை பிரதோஷம். திங்களோடு கூடிய பிரதோஷம் சிறப்புடையது என்பதால் வீட்டிலேயே பூசை வைத்து, தெரிந்த குடும்பங்களை அழைத்திருந்தார்கள். சம்பந்தி அம்மையார் நெகிழ்ந்து போயிருந்தார்.

"கடல் தாண்டி வந்தும் நம்மூட்டு வில்வத்துல பூசை. அர்ச்சனை முடிஞ்சதும் ஆளுக்கொரு எலை குடுத்துப்போடலாம். முதல்ல குழந்தைங்களுக்கு. நல்லா மென்னு முழுங்கோணும். வயித்துல ஒரு பூச்சி தங்காது."

எதிரே அமர்ந்திருந்த பேத்தி சொல்லாமலே வாயைத் திறந்து காட்டினாள். அவள் அப்பத்தா எதைக் கொடுத்தாலும் வாங்கி உண்பவள். கணுக்காலில் பட்டதற்கே அந்தப் பாடு. அதே எண்ணெய் ஒரு சிறு பிள்ளையின் நாவிலும் தொண்டையிலும் பட்டால் வீக்கம் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். அழைக்கப்பட்ட வீடுகளில் தவழும் வயதுக் குழந்தைகளும் இருந்தன.

மருமகனைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்க சொல்றது கரெக்டா இருக்கலாம் மாமா. அம்மா மனசு கஷ்டப்படும். அக்டோபர்ல கெளம்பிடுவாங்க, அப்புறம் எடுத்துக்கலாமே."

"பிரதோஷம் அக்டோபர்ல இல்ல மாப்பிள்ளை. திங்கக்கிழமை."

அவர் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிக் கணினி அறைக்குள் போய்விட்டார். அவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்வதில் இதுவொரு வசதி. கடமை எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு கூட்டமும் எதிர்ப்படும்.

ஒளிந்து செய்வது எனக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை நண்பகலில் சம்பந்தி அம்மையாரிடம் நேராகச் சொன்னேன். "நாளைக்குக் காலையில அந்தக் கொடியை வேரோட எடுத்துடப் போறேன், சம்பந்தி அம்மா."

அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "எடுங்க. எடுத்தது ஆருன்னு ஈசன் கேட்டா நான் சொல்லிப்போடறேன்" என்றார்.

ஞாயிறு விடியுமுன் மழை பெய்து நின்றிருந்தது. இளகிய மண்ணில் வேர் அறாமல் வரும் என்பதால் அதுவே தக்க வேளை. முழுக்கைச் சட்டை அணிந்து, காற்சட்டையின் கீழ்விளிம்பைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டேன். துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தோலுக்கே ஊட்டும். ஆகவே ரப்பர் கையுறை. அதன்மேல் ரொட்டி வந்த நீள நெகிழிப்பைகளை முழங்கை வரை ஏற்றி மகள் கட்டிவிட்டாள். கண்ணாடி, முகமூடி. "சந்திரனுக்குப் போறாரு தாத்தா" என்று சன்னலுக்குள்ளிருந்து சம்பந்தி அம்மையார் பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மருமகன் குளம்பிக் கோப்பையோடு அதே சன்னலில் நின்றார். தாயின் சமயத்தையும் மாமனாரின் தாவரவியலையும் ஒருசேர மதிக்க அவர் கண்ட வழி அது.

மரத்தில் ஏறிய கொடியைப் பற்றி இழுக்கக்கூடாது. அறுந்து தலைமேல் விழும். முழங்கால் உயரத்தில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு மேற்பகுதியை மரத்திலேயே காய விட்டேன். காய்ந்தாலும் அதில் நஞ்சு இருக்கும். எவரும் தொடாத உயரத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தண்டில் செம்பழுப்பு மயிர்போலச் சிறு வேர்கள் அடர்ந்திருந்தன. வில்வத்தில் இப்படி மயிர் கண்டவர் உண்டா என்று கேட்க நினைத்தேன். சன்னலில் இருந்தவர்களிடம் கேட்டுப் பயன் என்ன. பிறகு அடியைச் சுற்றி மண்வெட்டியால் மண்ணை நெகிழ்த்தி, மஞ்சளும் குங்குமமும் ஊறிய மண்ணோடு வேரை எடுத்தேன். வேர் கயிறுபோல மண்ணுக்கடியில் வேலி வரை ஓடியது. சுண்டி இழுத்தால் அறுந்த இடத்தில் மீண்டும் துளிர்க்கும். குனிந்து, நெகிழ்த்தி, மெல்ல மெல்லத்தான் உருவ வேண்டும். வேலியோரத்தில் மருமகன் சீவி எறிந்தது எல்லாம் அதற்குள் முன்னினும் செழித்துத் தழைத்திருந்தது. அதையும் எடுத்தேன். எரிக்காமல், உரக்குழியில் இடாமல், தடித்த பைகளில் இரட்டையாகக் கட்டிக் குப்பைத் தொட்டியில் சேர்த்தாயிற்று. மகள் கருவிகளை எரிசாராயம் தோய்த்த துணியால் துடைத்தாள். கையுறையை உட்புறம் வெளிவரக் கழற்றி எறிந்தேன். ஆடைகளைத் தனியே துவைக்கப் போட்டுவிட்டு, பாத்திரம் துலக்கும் நீர்மச் சவர்க்காரத்தால், குளிர்ந்த நீரில், பழந்துணி கொண்டு கை கால்களைத் தேய்த்துக் கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கை வெறும் நீர் நீக்காது.

வேலை முடிந்தது என்று அமர்ந்தேன். கொத்தமல்லி எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்த மகள் அசையாமல் நின்றாள்.

"அப்பா, இங்க கொஞ்சம் வாங்க."

காய்கறித் தட்டில், கொத்தமல்லிக் கட்டுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே, ஈரத்துணியில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். பிரித்த ஓரத்தில் மூவிலைகள் பளபளத்தன. முந்தின நாள் மாலை நான் காலாற நடக்கப் போன வேளையில் சம்பந்தி அம்மையார் மரத்தடியை மொட்டையாக்கியிருக்கிறார். காலையில் அடித்தண்டில் இலை இல்லாததை நான் மழையின் கணக்கில் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை வில்வம் பறிப்பது முறையன்று என்பது அவர் அறிந்த வழக்கம். என் அறிவிப்பு அவர் கையை இன்னும் விரைவுபடுத்தியிருக்கிறது.

"வில்வத்துக்குப் பழசு புதுசு இல்லீங்க. ஆறு மாசம் வெச்சும் கும்பிடலாம்" என்று கூடத்திலிருந்தே சொன்னார். எழுந்து வந்து இரு கைகளையும் விரித்துக் காட்டினார். "வெறுங்கையிலதான் பறிச்சேன். ஒவ்வொரு கொத்தையும் கண்ணுல ஒத்தி ஒத்தித்தான் துணியில வெச்சேன். எனக்கென்ன ஆச்சு? நல்லாப் பாருங்க."

"உடனே தெரியாதும்மா. ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும்."

"அப்ப நாளைக்கு வரைக்கும் பொறுங்க. காலையில என் கையும் கண்ணும் நல்லா இருந்துச்சுன்னா, சாயங்காலம் உங்க கையாலயே பிள்ளைங்களுக்கு எடுத்துக் குடுக்கோணும். சரிங்களா?"

"அத்தை, இதெல்லாம் பந்தயம் கட்டற விஷயமா?" என்றாள் மகள்.

"பந்தயம் இல்ல கண்ணு. சத்தியம். அதை ஆராச்சும் குப்பையில போட்டீங்கன்னா நான் டிக்கெட்டை மாத்தி ஊருக்குப் போயிருவேன்."

மருமகன் முகம் வெளிறிவிட்டது. பலரும் கூடும் பூசைக்கு முதல்நாள் தாய் விமான நிலையத்தில் நிற்கும் காட்சி, கொப்புளத்தைக் காட்டிலும் அவருக்கு அச்சமூட்டியது. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பொட்டலத்தை இரண்டு பைகளில் கட்டி வண்டிக் கொட்டகையின் உயர்ந்த அலமாரியில் வைத்தோம். "காருகூட வெச்சிருக்காங்க ஈசனை" என்று அம்மையார் வருந்தினார். தட்டிலிருந்த காய்கறி முழுவதையும் எறிந்து, பெட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவினோம்.

நான் அந்தப் பந்தயத்துக்கு உடன்படவில்லை; எவர் கை எப்படி இருந்தாலும் என் கையால் ஒரு குழந்தைக்கும் அதைத் தரப்போவதில்லை. ஆனால் அஞ்சினேன். சிலரை இந்த நஞ்சு ஒன்றும் செய்வதில்லை என்றும் அந்தப் பலகையில் எழுதியிருந்தது. அம்மையார் அந்தச் சிலருள் ஒருவராக இருந்துவிட்டால், மருத்துவரும் பொறியாளருமாகப் பூசைக்குக் கூடவிருக்கும் அவை அவர் பக்கம் நிற்கும். பிரசாதத் தட்டு ஒருகணம் என் பார்வையை விட்டு அகன்றால் போதும்.

திங்கட்கிழமை காலையில் சம்பந்தி அம்மையார் சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். இரண்டு இமைகளும் பணியாரம்போல வீங்கிக் கண்கள் மூடிக்கிடந்தன. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் வரிவரியாகக் கொப்புளம். கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்த பயன். மகள் பதறி அவரைப் பிடித்து அமர்த்தினாள். எனக்கும் இரக்கம் தோன்றியது. அவர் வாய் திறக்கும் வரை அது நீடித்தது.

"பாத்தீங்களா சம்பந்தி, வில்வத்தை வெட்டுனதுக்கு ஈசன் கண்ணைக் கட்டிட்டாரு."

"வெட்டினது நான் அம்மா. எனக்கு ஒண்ணும் இல்லையே."

"உங்களுக்குத் தனியா வெச்சிருப்பாரு."

மகள் அவரிடம் சொல்லாமலே கொட்டகைக்குப் போனாள். குப்பை வண்டி வருமுன் அந்தப் பொட்டலம் தொட்டிக்குள் சேர்ந்தது. மருமகன் தடுக்கவில்லை. தாயின் முகத்தைப் படம் எடுத்துக் கைபேசியில் எவருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

மாலையில் விருந்தினர் வந்தனர். கோடையில் இங்கு இரவு எட்டு மணிக்கும் வெயில் காயும். ஊரில் பிரதோஷம் தொடங்கும் நாலரை மணியை மாற்றாமல் இறக்குமதி செய்து, சூரியன் இறங்காமல் எரிய, அந்திப் பூசைக்கு அமர்ந்தார்கள். பலர் மடிக்கணினியோடு வந்திருந்தனர். கூட்டத்தில் இருப்பதாக அலுவலகத்துக்குக் காட்டிக்கொண்டு, ஒலியை அடைத்துவிட்டு, பதிகம் பாடினார்கள். சம்பந்தி அம்மையார் கண்மேல் ஈரத்துணியோடு நாற்காலியில் வீற்றிருந்து நடந்ததைத் தம் முறையில் எடுத்துரைத்தார். கேட்டவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

வந்தவர்களுள் ஒருவர் தோல் மருத்துவர். துணியை விலக்கிப் பார்த்த மாத்திரத்தில், "கிளாசிக் பாய்சன் ஐவி, ஆன்ட்டி. மாத்திரை எழுதித் தர்றேன், ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்றார். எனக்கு அந்த வீட்டில் முதன்முறையாக மூச்சு வந்தது. அவர் கைகழுவிவிட்டு என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க பண்ணது ரைட்டு அங்கிள். இருந்தாலும் எதுக்கும் ஒரு பரிகாரம் பண்ணிடுங்க."

நான் பிரசாதத் தட்டருகே போய் நின்றுகொண்டேன். அம்மையாரால் எழுந்து நின்று வழங்க இயலவில்லை. மருமகன் ஒலி அடைத்த கூட்டம் ஒன்றில் திடீரென்று பேசவேண்டி வந்து மாடிக்கு ஓடியிருந்தார். ஆக, அம்மையார் விரும்பியவாறே, என் கையால்தான் பிள்ளைகளுக்குப் பிரசாதம் சென்றது. தட்டில் திருநீறும் வாழைப்பழத் துண்டுகளும் கற்கண்டும் இருந்தன. வரிசையின் முதலில் பேத்தி நின்றாள். தட்டை எட்டிப் பார்த்தாள்.

"வேர் இஸ் தி லீஃப், தாத்தா?"

"இலை இல்லம்மா. வாயைத் திற."

பெரிய கற்கண்டாகப் பார்த்து அவள் வாயில் இட்டேன். பின்னால் நின்ற குழந்தைகள் அதேபோல வாயைத் திறந்துகொண்டு வந்தன.

"எலை குடுத்தாச்சுங்களா சம்பந்தி?" நாற்காலியிலிருந்து அம்மையார் கேட்டார்.

"கற்கண்டு குடுத்தேன்."

அவர் ஈரத்துணியைக் கண்மேல் சரிசெய்துகொண்டார். "குழந்தை மென்னுச்சா?"

பேத்தி அவர் மடியருகே போய் நின்று, அவருக்குக் கேட்கும்படி, கடைவாயில் கற்கண்டை வைத்து நறுக்கென்று கடித்தாள்.